காதால் படித்தவை – 14: பதினாறில் சுற்றும் தட்டு

விஞ்ஞானக் கதைகளைப் பெண் குரலில் கேட்பது பற்றி இந்த வாரம் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். சுஜாதாவின் ரோபாட் நாய் ஜீனோவுக்குத் தகர டப்பாக் குரல் கூடாது என்று அதற்கு முன் இரண்டு வாரம் சண்டை போட்டதும், நாலு பேர் கடிதத்தில் என்னைத் திட்டியதும் தெரிந்த கதை. தெரியாதவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும்.

பெண் குரல்களுக்கான குறிப்பெல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரணில் கை வைத்ததுதான் தப்பு.

எங்கள் பெரியப்பா நல்லம்பள்ளியில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்துக் கூழ் எதுவானாலும், அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத வேப்பமரம் எங்கள் பக்கத்தில் குறைவு. அவர் போன பிறகு ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும் பழைய இரும்புக்குப் போய்விட, ரெக்கார்டு பிளேயர் மட்டும் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தது. ஒட்டடை தட்டி இறக்கினேன். ஓரத்தில் ஒரு திருகு, அதைச் சுற்றி 16, 33, 45, 78 என்று நாலு எண்கள். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று அர்த்தம். 78 அந்தக் காலத்துக் கனத்த தட்டுக்கு. 45 சின்னத் தட்டுக்கு. 33 பெரிய தட்டுக்கு. 16?

சின்ன வயதில் அது எங்களுக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்பட்டது. பெரியப்பா டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, 33-ல் ஓடிக்கொண்டிருக்கும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டை 16-க்குத் திருகிவிடுவோம். பாதி வேகம், அதனால் ஒரு ஸ்தாயி கீழே. அம்மன் பாடியதை மகிஷாசுரன் பாடத் தொடங்குவான். பெரியப்பா கிளாஸும் கையுமாக ஓடி வருவார். "ஏன்டா, சாமி பாட்டுலயா விளையாடுவீங்க?" அடி வாங்கிய ஒரு நாளில் கேட்டே விட்டேன்: "அப்புறம் எதுக்குப் பெரியப்பா பதினாறு?"

"வெச்சவனுக்குத் தெரியும். நீ கையை எடு."

வைத்தவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அது பெரும்பாலும் பாட்டுக்கு வைத்த வேகம் இல்லை. பேச்சுக்கு வைத்தது. முக்கியமாக, புத்தகம் வாசித்துக் காட்ட.

தட்டு மெதுவாகச் சுற்றினால் ஒரு பக்கத்தில் அதிக நேரம் அடங்கும். ஆனால் உச்சத்து ஒலிகள் மழுங்கிப்போகும். வயலினுக்கு அது பெரிய நஷ்டம், பேசும் குரல் அதைத் தாங்கிக்கொள்ளும். எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைச் செய்து, மறு வருஷமே அது எதற்கெல்லாம் உதவும் என்று போட்ட பட்டியலில் பார்வையற்றோருக்கான புத்தகமும் இருந்தது. காரியம் நடந்தது 1934-ல். அமெரிக்காவில் பார்வையற்றோருக்காக 'பேசும் புத்தகங்கள்' தட்டில் வந்தன. வேகம் 33⅓, பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம், ஒரு நாவலுக்கு ஒரு பெட்டித் தட்டு. அடுத்த வருஷம் பிரிட்டனில் தொடங்கியபோது முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல், இன்னொன்று ஜோசஃப் கான்ராடின் புயல் கதை. பாட்டுக் கேட்கிற உலகத்தில் அந்த 33⅓ தட்டு நிலைபெற்றது 1948-ல்தான். எல்.பி. என்று நாம் கொண்டாடியதைக் கண் தெரியாதவர்கள் 14 வருஷம் முன்னாலேயே கேட்டு முடித்திருந்தார்கள்! பிறகு 1960-களில் அவர்களுக்கான தட்டுகள் இன்னும் பாதியாக, 16⅔-க்கு இறங்கின. பெரியப்பாவின் திருகில் இருந்த பதினாறு அதுதான்.

தங்கச்சி மகளிடம் இதைப் பரவசத்தோடு சொன்னேன். அவள் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறவள். "மாமா, நீங்க சொல்றதையே ஒன்றரையில வெச்சா நல்லாயிருக்கும்" என்றாள். இப்போது செயலியில் வேகத்தைக் கூட்டினாலும் சுருதி மாறாது, கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடுகிறது. மகிஷாசுரன் வர வழியில்லை. என்ன பிழைப்பு அது.

இதோடு நிறுத்திவிட்டுப் பெண் குரலுக்குப் போயிருக்கலாம். ஆனால் 16⅔ என்ற எண்ணைத் துரத்திக்கொண்டு போனால், அதே வேகத்தில் சுற்ற வேண்டிய இன்னொரு தட்டு இருக்கிறது. அதன் இரண்டு பிரதிகள் இப்போது பூமியில் இல்லை.

1977 ஆகஸ்ட் 20-ல் வாயேஜர் 2-ம், செப்டம்பர் 5-ல் வாயேஜர் 1-ம் கிளம்பின. ஒவ்வொன்றிலும் தங்க முலாம் பூசிய ஒரு செம்புத் தட்டு. என்றைக்காவது யாராவது எடுத்தால் நம்மைப் பற்றித் தெரியட்டும் என்று கார்ல் சேகன் தலைமையில் ஒரு குழு தொகுத்தது. சுமார் 90 நிமிட இசை, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், 55 மொழிகளில் வணக்கம். இத்தனையும் அடங்க வேண்டுமே, அதனால் 16⅔. உறையின் மேல் சுற்றும் வேகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்: ஒரு சுற்றுக்கு 3.6 விநாடி. வேற்றுக்கிரகத்தாருக்கு விநாடி தெரியாதே என்று ஹைட்ரஜன் அணுவின் கால அளவில் அதை எழுதியிருக்கிறார்கள். முள்ளும் கூடவே போயிருக்கிறது. தட்டைக் கொடுத்தால் முள்ளையும் கொடுத்தாக வேண்டும் என்பது தெரிந்தவர்கள். பெரியப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார். வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால்.

55 மொழிகளின் பட்டியலை மூன்று முறை படித்தேன். இந்தி, உருது, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, மராத்தி, ஒடியா, ராஜஸ்தானி. தெலுங்கு இருக்கிறது. கன்னடம் இருக்கிறது. சிங்களம், நேபாளி இருக்கின்றன. பேச ஆளே மிச்சமில்லாத சுமேரியமும் அக்காடியமும்கூட இருக்கின்றன. தமிழ் இல்லை. மலையாளமும் இல்லை.

இதில் சதி தேடுகிறவர்களோடு எனக்குச் சம்பந்தமில்லை. பெரும்பாலான பதிவுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில், அவசர அவசரமாக, அங்கே கிடைத்தவர்களை வைத்து நடந்தவை. எங்கள் நல்லம்பள்ளிக்காரர்களுக்கு ஒரு ஆறுதலும் உண்டு. செவ்வாய்க்கிழமை சந்தையில் ஒரு ஆட்டுக்கு விலை பேசும்போது தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் காதில் விழும். அந்த மூன்றில் இரண்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கின்றன, மூன்றாவது இங்கே இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

என்னைக் கட்டிப்போட்டது தென்சீனத்து அமாய் மொழி வணக்கம்தான். பதிவுக்கு வந்தவர்களுக்குச் சொன்னதெல்லாம், வேற்று உலகத்தாருக்கு ஒரு வணக்கம், சுருக்கமாக இருக்கட்டும் என்பதுதான். என்ன பேசுவது என்பது அவரவர் பாடு. பலர் அமைதி, நல்லெண்ணம் என்று மேடைப் பேச்சாகச் சொன்னார்கள். அந்த அமாய்க்காரப் பெண்மணி, விண்வெளி நண்பர்களை நலம் விசாரித்துவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். நேரம் கிடைத்தால் வந்து போகச் சொன்னார். அவ்வளவுதான். தமிழ் இல்லாத குறையை அவர் தீர்த்துவிட்டார். நம்மில் யார் போயிருந்தாலும் வேறு என்ன கேட்டிருப்போம்?

பதினான்கு வாரமாக நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். விண்வெளி என்றதும் குரலை மாற்றாதீர்கள். நம்மூரில் விஞ்ஞானக் கதை வாசிக்க உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வரியிலேயே கிணற்றுக்குள் இறங்கிவிடுகிறார்கள். எதிரொலி போடுகிறார்கள், பின்னால் ஊய்ய்ய் என்று ஒரு மின்னொலி விடுகிறார்கள். 'அந்தக் கிரகத்தில்' என்பதை 'அந்தக்... கிரகத்தில்' என்று இழுக்கிறார்கள். அந்தக் கிரகத்தில் குடியிருப்பவனுக்கு அது மாரியம்மன் கோவில் தெருதானே, அவன் ஏன் இழுக்க வேண்டும்?

மீதிப் பேர் செய்தி வாசிக்கிறார்கள். போன மாதம் சந்தையில் ஒரு வேற்றுக்கிரகக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த ஆட்டு வியாபாரி ஒருவர், "என்னண்ணா கேக்கறீங்க?" என்றார். ஒரு காதுக் கருவியைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். கதையில் அப்போது ஒரு கப்பல் வெடித்துப் பதினோரு பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அரை நிமிடம் தலையாட்டிக் கேட்டவர், "நியூஸா? மழை உண்டுங்கறானா?" என்றார். அதற்கு மேல் ஒரு விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது.

செய்திக் குரலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காது இது. ஆனால் செய்தி வாசிப்பவர் விஷயத்துக்கு வெளியே நிற்க வேண்டும், அது அந்தத் தொழிலின் நேர்மை. கதை வாசிப்பவர் உள்ளே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் சொல்ல வரும் பிரசங்கியார்களைப் பாருங்கள். ஒரு ஆர்மோனியம், ஒரு தொண்டை, பதினெட்டு நாள். பீமனும் அவர்தான், சகுனியும் அவர்தான். கர்ணன் விட்ட நாகாஸ்திரம் அர்ச்சுனன் கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போனதை, நேற்று ராத்திரி தொப்பூர் கணவாயில் லாரி பிரேக் பிடிக்காமல் போனதைச் சொல்வதுபோலச் சொல்வார். தான் பார்த்ததைச் சொல்லும் குரல். அஸ்திரத்துக்கு அது போதுமென்றால் ராக்கெட்டுக்குப் போதாதா?

பல குரல் வைத்து நாடகமாக்குவது வேறு வழி. பாம்பே கண்ணன் கல்கியை அப்படிச் செய்தார், பொன்னியின் செல்வனுக்கு அது பொருந்தியது. வந்தியத்தேவனுக்கு ஒருவர், நந்தினிக்கு ஒருவர் என்று கூட்டம் சேரச் சேரக் களை கட்டும் எழுத்து அது. சுஜாதாவுக்கு ஒற்றைக் குரல்தான் என்பது என் கட்சி. எங்கள் ஊர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையின் வடக்கே, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் வசனங்களில் எல்லாப் பாத்திரங்களும் கொஞ்சம் அவரைப் போலவே பேசும். நிலா, சிபி, ரவி, ஜீவா என்று இரண்டெழுத்துக்காரர்கள் எல்லோருக்குள்ளும் அதே குறும்பு. 'என் இனிய இயந்திரா'வில் ரோபாட் நாய்க்குத்தான் அது அதிகம் என்பதால்தான் தகரக் குரல் வேண்டாம் என்றேன். அந்தக் கதை 2020-களில் நடப்பது. விகடனில் தொடராக வந்தபோது அது தொலைதூரம், இப்போது கேட்பவருக்குச் சுவரில் தொங்குகிற காலண்டர். பிரமிப்போடு வாசித்தால் சிரிப்புதான் வரும்.

சுஜாதாவைக் காதுக்கு மாற்றுவதில் வேறொரு வம்பு இருக்கிறது. அவர் கண்ணுக்கு எழுதியவர். ஒருவன் படி இறங்கினால் 'இறங்கினான்' என்ற சொல்லின் எழுத்துகளையே படிப்படியாகக் கீழே இறக்கி அச்சடிக்க வைத்தவர். இதை எப்படி வாசிப்பது? ஒருவர் சாதாரணமாக 'இறங்கினான்' என்று சொல்லிப் போய்விட்டார். இன்னொருவர் எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, செருப்புச் சத்தமும் சேர்த்திருந்தார், முழங்கால் வலிக்காரர் இறங்குவதுபோல. இரண்டில் முதலாமவர் தேவலை. க. சுதாகரின் '6174'-ஐ வாசிக்கப்போகிறவருக்குத் தலைப்பிலேயே கண்டம். அது கப்ரேகர் என்ற நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்த எண். 'ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு' என்றால் ரேஷன் கடை பில். 'ஆறு ஒன்று ஏழு நான்கு' என்றால் புதிர். நான் இரண்டாவது கட்சி.

ஆங்கிலத்தில் ஆண்டி வியரின் செவ்வாய்க் கிரக நாவல் 'தி மார்ஷன்' இரண்டு குரல்களில் இருக்கிறது. 2013-ல் ஆர்.சி. பிரே வாசித்தார், 2020-ல் வில் வீட்டன் புதிதாக வாசித்தார். பிரே அலுத்துப்போன மெக்கானிக் மாதிரி பேசுவார். ஆளில்லாத கிரகத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிறவன் அப்படித்தான் பேசுவான். வீட்டன் மோசமில்லை, ஆனால் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறார். அதே வியரின் 'புராஜெக்ட் ஹெய்ல் மேரி'யை ரே போர்ட்டர் வாசித்ததில், வேற்றுக்கிரகத்து ராக்கி பேசும்போது நிஜமாகவே இசைச் சுரங்கள் ஒலிக்கின்றன. அச்சில் அது வெறும் இசைக்குறி, காதுக்கு அதுதான் மொழி. கண்ணை விடக் காது ஜெயித்த இடம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்று. அங்கேயும் போர்ட்டர் தன் குரலை ஏற்றவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலத்தான் ராக்கியிடம் பேசுகிறார்.

ஆசிரியர் இலாகாவிலிருந்து இரண்டாவது போன். "சார், பெண் குரல் மேட்டர் ரெடியா? படம்கூட வரைஞ்சாச்சு." அமாய் மொழியில் சாப்பாடு விசாரித்தது ஒரு பெண் குரல்தானே, அந்தப் படத்தையே போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன.

பெரியப்பாவின் பிளேயரில் மோட்டார் ஓடுகிறது. ரப்பர் மாற்றி, எண்ணெய் விட்டுப் பார்த்தேன், பதினாறிலும் சீராகச் சுற்றுகிறது. போடத்தான் தட்டு இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது 16 என்று அச்சிட்ட பேச்சுத் தட்டு, எந்த மொழியில் இருந்தாலும் சரி, கிடந்தால் ஒரு கடிதம் போடுங்கள். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருகிறவராக இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். காதில் கருவி இருக்கும், கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தட்டுங்கள்.