ஆட்டில் ஒரு வேளைக் கறவை: பாலையும் பார்க்கணும், தீவனத்தையும் பார்க்கணும்

வெள்ளாடு வைத்திருக்கும் வீடுகளில் பால் கறப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. விடிந்ததும் கறந்து, சமைத்து வைத்து, நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு மேல் மறுபடியும் கறக்கத்தான் வேண்டுமா, காலையில் மட்டும் கறந்தால் ஆகாதா என்று கேட்பது நியாயம்தான். 'ஒரு வேளை விட்டால் பால் வற்றிப்போகும்' என்பார்கள் சிலர். 'ஆடுதானே, ஒரு வேளை போதும்' என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

ஆட்டு மடியைப் பசு மடி போல நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். பால் சுரப்பது மடிக்குள் இருக்கும் நுண்ணிய பைகளில். அங்கிருந்து அது காம்புக்கு மேலே உள்ள பால் அறைக்கு இறங்கும். கறப்பதற்கு முன் மடியில் இருக்கும் பாலில், பசுவுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அந்த அறையில் நிற்கும். வெள்ளாட்டுக்கோ பெரும்பகுதி அங்கே இறங்கிவிடும். மேலே உள்ள பைகள் நிரம்பிக் கிடந்தால்தான் சுரப்பு மந்தமாகும். அதனால் பால் அறை பெரிதாக உள்ள ஆடு நீண்ட இடைவெளியைத் தாங்கும். ஸ்பெயின் நாட்டின் முர்சியானோ கிரனாடினா இன ஆடுகளில் ஈற்றுக்காலம் முழுவதும் ஒரு வேளை மட்டும் கறந்து பார்த்ததில், பால் 18 சதவீதம் அளவே குறைந்தது. கொழுப்புச் சத்து சற்றுக் கூடியிருந்தது.

எல்லா ஆட்டுக்கும் இது பொருந்தாது. கறந்து 14, 15 மணி நேரத்திலேயே மடி கல் போல இறுகி, காம்பில் பால் சொட்டி, ஆடு காலை அகட்டி நடந்தால் அதற்கு ஒரு வேளைக் கறவை ஒத்துவராது. குட்டி போட்ட முதல் இரண்டு மாதத்தில் எந்தக் கறவை ஆட்டையும் ஒரு வேளைக்கு மாற்றாமல் இருப்பதே நல்லது. பால் உச்சிக்கு ஏறும் காலம் அது. அப்போது இழந்ததைப் பிறகு இரண்டு வேளை கறந்தாலும் முழுதாக மீட்க முடியாது.

இனித் தீவனத்துக்கு வருவோம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கறக்கும்போதுதான் அடர்தீவனம் வைப்பது நம் வழக்கம். மாலைக் கறவை நின்றால் மாலைத் தீவனமும் தானாகவே நின்றுபோகிறது. அல்லது ஒரு நாளைக்கு உரியது முழுவதும் காலையிலேயே கொட்டப்படுகிறது. முதலாவதில் ஆடு இளைக்கும். இரண்டாவதில் வயிறு புளித்துப் பொருமல், கழிச்சல் வரும். 40 கிலோ எடையுள்ள, 2 லிட்டர் கறக்கும் ஆட்டுக்கு உடம்புக்கு 250 கிராம், பாலுக்கு லிட்டருக்கு 400 கிராம் என்று ஏறக்குறைய ஒரு கிலோ அடர்தீவனம் தேவை. அகத்தி, வேலிமசால், சூபாபுல் தாராளமாகக் கிடைத்தால் இதைக் கொஞ்சம் குறைக்கலாம். எவ்வளவு கொடுத்தாலும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்தே கொடுக்க வேண்டும். கறக்காத வேளையிலும் தொட்டிக்குத் தீவனம் போக வேண்டும். அதற்கு முன் ஒரு பிடி கடலைக்கொடியோ சோளத்தட்டையோ தின்ன விடுவது நல்லது.

ஒரு வேளைக்கு மாறுவதில் எவ்வளவு மிச்சம்? 2 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இழப்பு 400 மில்லி. அந்தப் பாலுக்கு உரிய தீவனம் 160 கிராம்தான். உங்கள் ஊர்ப் பால் விலையையும் தீவன விலையையும் வைத்துக் கணக்குப் போட்டால், தீவனச் செலவுக்காக மாறுவதில் லாபமில்லை என்பது தெரியும். மிச்சமாவது ஆள் நேரம். அந்த நேரத்துக்கு வீட்டில் வேறு கூலி இருந்தால் மாறலாம். பால் குறைந்த பிறகு அடர்தீவனத்தையும் 50 கிராம், 50 கிராமாக ஒரு வாரத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஆடு இளைத்திருந்தால் குறைக்காமல் விடுங்கள். அடுத்த சினைக்கு உடம்பு தேறும்.

வீட்டுத் தேவைக்குக் கறப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. குட்டிகளுக்கு நாலு வாரம் ஆனதும் இரவில் மட்டும் தனியாக அடைத்து, இளந்தழையும் தண்ணீரும் வையுங்கள். காலையில் கறந்துவிட்டு, பகல் முழுவதும் தாயோடு விடுங்கள். குட்டி அடிக்கடி ஊட்டுவதால் மடி பலமுறை காலியாகும், சுரப்பும் குறையாது. கறப்பவருக்கு மட்டும்தான் இது ஒரு வேளை. இரட்டைக் குட்டி என்றால் காலையிலும் முழுதாக ஒட்டக் கறக்காமல் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை குட்டியை எடை போட்டுப் பாருங்கள். எடை ஏறாவிட்டால் பாலைக் குட்டிக்கே விட்டுவிடுங்கள். குட்டி விலைதான் இங்கே முதல் வருமானம்.

பால் திரிந்து வந்தாலோ, மடி சூடாக வீங்கினாலோ ஒரு வேளைப் பேச்சே கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி அடிக்கடி கறந்து வெளியேற்ற வேண்டும்.

இரண்டு வேளை கறப்பவர்கள் சரியாக 12 மணி நேரம் பார்த்து அவதிப்பட வேண்டாம். காலை 6 மணி, மாலை 4 மணி என்று 10 மணி, 14 மணி இடைவெளி விழுந்தாலும் ஆட்டில் பெரிய இழப்பு இல்லை. தினமும் அதே நேரத்தில் கறந்தால் சரி.