மண்டபம் கேம்ப்

ராமேஸ்வரம் போகும் ரயிலில் உச்சிப்புளி தாண்டியதும் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் வரும். அடுத்தது மண்டபம், அதற்கப்புறம் பாம்பன் பாலம். யாத்திரை போகும் நம் சங்க அன்பர்கள், பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடிக்கும் அவசரத்தில் இந்தப் பலகையைக் கவனிப்பதில்லை. மீட்டர்கேஜ் காலத்தில் அந்தப் பகுதியில் தண்டவாள வேலை பார்த்த நானும் முதலில் இதை ராணுவ முகாம் என்றே நினைத்தேன். எங்கள் கேங்கில் இருந்த ஒரு பெரியவர்தான் திருத்தினார்.

"ராணுவம் இல்லீங்க சார். சின்னப் பிள்ளையில எங்க ஆத்தாவை அடைச்சு வச்ச இடம்."

அது இலங்கையின் காலனி அரசு இந்திய மண்ணில் நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாம். காலராவும் பெரியம்மையும் பிளேக்கும் தீவுக்குள் நுழையக்கூடாது என்பது நோக்கம். முன்பு தூத்துக்குடி அருகே தட்டப்பாறையில் முகாம் இருந்தது. 1914-ல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வழியும் திறந்தபின் மண்டபமே வாசலாயிற்று. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலியாட்கள் குடும்பத்தோடு இங்கே இறக்கப்பட்டு, சில நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்தி, நோயில்லை என்று தெரிந்தபிறகே கப்பல். முதல் வகுப்பில் வந்த துரைமார்களுக்கு இந்த அடைப்பு கிடையாது. கிருமி டிக்கெட் பார்த்தா ஏறும்?

சரி, ரயில் கட்டணம், முகாம் சோறு, கப்பல் கூலி இதற்கெல்லாம் பணம் யாருடையது? அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்! தோட்டத்தின் அடையாள எண் பொறித்த சிறு வில்லை. ஆள் அதைக் காட்டினால் போதும். வழிச்செலவு தோட்டத்தின் பற்றில் ஏறும். தோட்டம் அதை ஆளின் கணக்கில் கடனாக எழுதும்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்டோர்ஸ் டிப்போவில் சாமான் கேட்டு இண்டென்ட் போட்டால், கேட்ட பிரிவின் பேரில் டெபிட் வரும். நான் எத்தனையோ இண்டென்டில் கையெழுத்திட்டவன். ஆனால் போல்ட்டு நட்டுக்கு யாரும் அதன் விலையை அதனிடமே வசூலிப்பதில்லை! இங்கே மனிதன் தன்னை அடைத்து வைத்த செலவுக்கும் தானே கடன்காரன் ஆனான்.

"தகரம் தொலைஞ்சா நீயும் தொலைஞ்சேன்னு பாட்டி மிரட்டுமாம். ஆத்தா தூங்கும்போதும் அதைக் கையில பிடிச்சுக்கிட்டே இருக்குமாம்" என்றார் பெரியவர்.

இந்தியாவில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1922-ல் இந்தியக் குடியேற்றச் சட்டமும், 1923-ல் இலங்கையில் அதற்கிணையான சட்டமும் வந்தன. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று ஆயிற்று. தோட்டங்கள் கட்டும் பொது நிதியிலிருந்து செலவு செய்யப்பட்டது. முகாம் மட்டும் மூடவில்லை. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், அதே மக்களின் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பி வந்தபோது மண்டபத்தில்தான் தங்க வைக்கப்பட்டார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்து அகதிகள் வந்தார்கள். இன்றும் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன.

நாமும் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள்தான். ஆனால் நம் டிக்கெட்டை நாமே வாங்கிக்கொண்டு வந்தோம்; ஸ்டேஷனில் யாரும் நம்மை நிறுத்தவில்லை. அடுத்தமுறை ராமேஸ்வரம் போகையில் அந்தப் பலகை வந்ததும், பக்கத்தில் இருக்கும் பேரக்குழந்தைக்கு இந்தத் தகரத்தின் கதையைச் சொல்லுங்கள்.