புதுச்சேரியில ஒரு உயில்: 1962-லேயே நின்னுபோன பிரெஞ்சு சட்டம்

போன மாசம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி பத்திப் பேசினோம், இந்த வாரம் சொத்து, உயில், கோர்ட். ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்க தாத்தா பாண்டிச்சேரிக்காரரா இருந்தா இது உங்க வீட்டுக் கதையாவே இருக்கலாம்.

என்கூட வேலை பார்க்கிற ஒரு பையன். பேர் வேணாம். அவங்க தாத்தா முறையா உயில் எழுதி வச்சுட்டு இறந்துட்டார். டவுன்ல இருக்கிற வீடு முழுக்கக் கடைசிப் பையனுக்கு. கடைசிக் காலத்துல பார்த்துக்கிட்டது அவர்தான், அதனால நியாயமாத்தான் எல்லாருக்கும் தோணிச்சு. ஆனா உயிலைப் பார்த்த வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ரெனோன்சான் குடும்பமா?" வீட்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல. அந்த ஒரு கேள்விக்கு ஆமாவா இல்லையாங்கிறதுல அந்த வீட்ல முக்கால் பங்கு யாருக்குப் போகும்னு மாறிடும். எப்படின்னு சொல்றேன்.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1819-ல பிரெஞ்சு நிர்வாகம் அவங்க சட்டத் தொகுப்புகளை இங்க கொண்டுவந்தாங்க. ஆனா கல்யாணம், வாரிசு மாதிரி விஷயங்கள்ல இந்தியர்களுக்கு அவங்கவங்க சாதி, மத வழக்கம்தான்னு விட்டுட்டாங்க. அப்புறம் 1881 செப்டம்பர் 21 அன்னைக்கு பாரிஸ்ல இருந்து ஒரு டிக்ரி வருது. 21 வயசு முடிஞ்ச இந்தியர் யார் வேணும்னாலும் தன்னோட வழக்கச் சட்டத்தைத் துறந்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம். துறந்தவருக்கு பிரெஞ்சு மொழியில ரெனோன்சான்னு பேரு. கூடவே ஒரு குடும்பப் பேரும் வச்சுக்கணும். நம்ம ஊர்ல பிரெஞ்சு குடும்பப் பேரோட அச்சு அசல் தமிழ்க் குடும்பங்கள் இருக்கே, அதுல பல பேரோட கதை இங்கதான் தொடங்குது.

இதுக்குப் பின்னாடி ஒரு வக்கீல் இருக்கார், பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போனதுக்காக அவரைத் தடுத்தாங்க. அவர் விடல. பாரிஸ்ல இருக்கிற உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சார். டிக்ரி வந்ததும் துறந்தவங்கள்ல முன்வரிசையில அவர் இருந்தார். எடுத்துக்கிட்ட குடும்பப் பேரு லாப்போர்த், அதாவது கதவு. பின்னாடி வர்றவங்களுக்குத் திறந்துவிட்ட கதவுன்னு சொல்வாங்க. சாதி அடுக்குல கீழ வைக்கப்பட்ட நிறைய பேருக்கு இந்தத் துறப்பு நிஜமாவே ஒரு கதவுதான். ஒரே சட்டம், ஒரே அந்தஸ்துன்னு காகிதத்துலயாவது கிடைச்சுது.

ஆனா அந்த டிக்ரில ஒரு வரி இருக்கு. துறப்பு இறுதியானது, திரும்பப் பெற முடியாது. துறந்தவரோட மனைவி, மைனர் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தே உள்ள வந்துடுவாங்க. பிள்ளைகள் வந்துட்டா பேரன் பேத்தியும்தான். நம்ம மொழியில சொன்னா அன்டூ பட்டன் இல்லாத கமிட், அதுவும் அடுத்த தலைமுறைக்கு இன்ஹெரிட் ஆகிறது. 1880-கள்ல ஒருத்தர் போட்ட கையெழுத்து இன்னைக்கு இருபத்தஞ்சு வயசுல இருக்கிற ஒரு பொண்ணுக்கு எந்தச் சட்டம்னு முடிவு பண்ணுது.

1954 அக்டோபர் 18 கீழூர்ல வாக்கெடுப்பு நடந்துச்சு, 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட இணையணும்னு சொன்னாங்க. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறிச்சு. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல தான். அதுக்கப்புறம் இந்தியச் சட்டங்கள் ஒண்ணொண்ணா இங்க நீட்டிக்கப்பட்டுச்சு. 1963-ல இந்து வாரிசுரிமைச் சட்டம் மாதிரியானவை, 1968-ல இந்திய வாரிசுரிமைச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம் எல்லாம். இங்கதான் கவனிக்கணும். வாரிசுரிமைச் சட்டங்களை நீட்டிக்கும்போதே ஒரு விதிவிலக்கையும் சேர்த்தாங்க: புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது. அப்போ அவங்களுக்கு என்ன? பழைய பிரெஞ்சு கோட் சிவில் தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடறேன். ரெனோன்சான்னா பிரெஞ்சு குடியுரிமை உள்ளவங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. 1962-ல பிரெஞ்சு குடியுரிமையை வச்சுக்கிறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. கொடுத்தவங்க பிரெஞ்சுக்காரங்க ஆனாங்க, கொடுக்காதவங்க இந்தியர் ஆயிட்டாங்க. பிரான்ஸ் பென்ஷன் வாங்குற சொல்தா குடும்பம் வேற கணக்கு. கையில இந்தியப் பாஸ்போர்ட், ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் வச்சிருக்கிற ரெனோன்சான் இருக்கலாம். நாம இன்னைக்குப் பேசுறது அவங்களைப் பத்தி.

சரி, அந்த வீடு. கணக்குக்கு ஒரு கோடி ரூபாய்னு வச்சுக்குவோம். பாட்டி உயிரோட இருக்காங்க, மூணு பிள்ளைகள். இந்து வாரிசுரிமைச் சட்டமோ இந்திய வாரிசுரிமைச் சட்டமோ பொருந்துச்சுன்னா, தாத்தா சுயமா சம்பாதிச்ச வீட்டை யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். உயில் செல்லும், கடைசிப் பையனுக்கு ஒரு கோடி. கதை முடிஞ்சுது.

ரெனோன்சானா இருந்தா ரெண்டு இடத்துல வெட்டு விழும். முதல் வெட்டு, கல்யாணச் சொத்து. தனி ஒப்பந்தம் எழுதாம கல்யாணம் பண்ணியிருந்தா, கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின சொத்து ரெண்டு பேருக்கும் பொது. பத்திரத்துல தாத்தா பேர் மட்டும் இருந்தாலும் பாதி பாட்டியோடது. அது அவங்களுக்கு வாரிசுப் பங்கா வர்றது இல்ல, ஏற்கனவே அவங்களோட சொந்தம். ஆக 50 லட்சம் தனியா போயிடுச்சு. (தாத்தாவுக்கு அவங்க அப்பாகிட்ட இருந்து வந்த வீடுன்னா இந்த வெட்டு கிடையாது.)

ரெண்டாவது வெட்டுதான் முக்கியம். பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கின பங்கை உயிலால தொட முடியாது. ஒரு பிள்ளைன்னா சொத்துல பாதியை இஷ்டப்படி எழுதலாம், ரெண்டு பிள்ளைன்னா மூணுல ஒரு பங்கு, மூணோ அதுக்கு மேலயோ இருந்தா கால் பங்கு மட்டும். இங்க மூணு பிள்ளை. மிச்சம் இருக்கிற 50 லட்சத்துல 12.5 லட்சத்தைத்தான் தாத்தா இஷ்டப்படி கொடுக்க முடியும். பாக்கி 37.5 லட்சம் மூணு பேருக்கும் சமமா, ஆளுக்கு 12.5. கடைசிப் பையனுக்கு மொத்தம் 25 லட்சம், மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 12.5. ஒரு கோடி எங்க, 25 லட்சம் எங்க.

இன்னொரு நுணுக்கம். உயில் தானாவே செல்லாமப் போயிடாது. "எங்க பங்கு வரைக்கும் இதைக் குறைங்க"ன்னு மத்த பிள்ளைகள் கேட்கணும். கேட்கலைன்னா அப்படியே ஓடும். அதனாலதான் பல குடும்பங்கள்ல இது வெளிய வர்றதே வீட்டை விற்கப் போகும்போது இல்லன்னா லோனுக்குப் போகும்போது. பேங்க் வக்கீல் பத்திரங்களைப் பின்னாடி தேடிப் போவார், பிரெஞ்சு மொழியில ஒரு நொத்தேர் பத்திரம் வந்து நிக்கும். அந்த முறையில மூலப் பத்திரம் நொத்தேர்கிட்டயே தங்கிடும், வீட்ல இருக்கிறது நகல். அதைப் படிச்சு அர்த்தம் சொல்ல மொழியும் தெரியணும், அந்தச் சட்டமும் தெரியணும். ரெண்டும் தெரிஞ்ச வக்கீல்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. கோபால் தெரிஞ்ச ஆட்களைத் தேடுற பழைய பேங்க் மாதிரிதான் நிலைமை.

இப்போ எனக்கு ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். சாஃப்ட்வேர்ல ஒரு புராஜெக்டை ஃபோர்க் பண்ணி எடுத்துட்டு, அப்புறம் மூலத்துல வர்ற எந்தத் திருத்தத்தையும் சேர்க்காம விட்டா என்ன ஆகும்? இங்க அதான் நடந்திருக்கு. 1962-க்கு அப்புறம் பிரெஞ்சு பார்லிமெண்ட் போடுற திருத்தம் இங்க பொருந்தாது, மாத்தணும்னா நம்ம பார்லிமெண்ட் தான் மாத்தணும். அங்க என்னென்ன மாறிச்சுன்னு பாருங்க. 1965-ல மனைவி கணவனோட அனுமதி இல்லாம வேலைக்குப் போகலாம், பேங்க் கணக்குத் தொடங்கலாம்னு வந்துச்சு. 1972-ல கல்யாணத்துக்கு வெளிய பிறந்த பிள்ளைகளோட உரிமையை உயர்த்தினாங்க. 1975-ல பரஸ்பர சம்மத விவாகரத்து. 2001-ல கணவனையோ மனைவியையோ இழந்தவங்களோட வாரிசுரிமை கூடிச்சு. நம்ம காப்பியில இது ஒண்ணும் இல்ல. பிரான்ஸ்காரங்களே தூக்கிப் போட்ட பிரெஞ்சு சட்டம் ஒயிட் டவுன்ல இருந்து நாலு தெரு தள்ளி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

கோவாவோட ஒப்பிட்டுப் பார்க்கணும். அங்க 1867 போர்ச்சுகீசிய சிவில் சட்டம், ஆனா கோவாக்காரங்க எல்லாருக்கும். 2019-ல ஜோஸ் பாலோ கூட்டின்யோ வழக்குல உச்ச நீதிமன்றம் ஒண்ணு தெளிவாச் சொல்லிச்சு: அந்தச் சட்டம் நம்ம பார்லிமெண்ட் ஏத்துக்கிட்டதால ஓடுது, அதனால அது இப்போ இந்தியச் சட்டம்தான், கோவாவுக்கு வெளிய இருக்கிற சொத்துக்கும் பொருந்தும். அந்த வழக்கு ரெனோன்சான்களைப் பத்தினது இல்ல. ஆனா தாத்தாவுக்குச் சென்னையிலயும் ஒரு ஃபிளாட் இருந்துச்சுன்னா, இங்க ஒரு நல்ல வக்கீல் அந்தத் தீர்ப்பைக் கையில எடுக்காம இருக்கமாட்டார்.

2025 ஜனவரியில உத்தராகண்ட்ல பொது சிவில் சட்டம் அமலுக்கு வந்ததுல இருந்து இந்தப் பேச்சு நாடு முழுக்க ஓடுது. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. ஆனா மதம் பார்க்காத ஒரு சிவில் சட்டத்துக்குள்ள, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம்னு பார்க்காம, தானா நடந்து போன தமிழர்கள் 1880-கள்லயே இருந்தாங்கங்கிறது அந்த விவாதத்துல ஒருத்தர் வாயிலயும் வர்றதில்ல. அவங்க பேரப்பிள்ளைகள்கிட்ட "இதுலயே இருக்கீங்களா, வெளிய வர்றீங்களா"ன்னு யாராவது கேட்டிருக்கணும். பொன்னுத்தம்பி விரும்பித்தான் அந்தக் கதவைத் திறந்தார். உள்ள பிறந்தவங்களுக்குக் கைப்பிடியே கொடுக்கல.

சரி, உங்க வீட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடும்பப் பேர் பிரெஞ்சு மாதிரி இருக்கிறது ஒரு துப்பு மட்டும்தான், ஆதாரம் இல்ல. கிறிஸ்தவரா இருக்கிறதும் ஆதாரம் இல்ல, துறக்காத கிறிஸ்தவர்கள் ஏகப்பட்ட பேர். அப்பாவழித் தாத்தா, கொள்ளுத்தாத்தாவோட பிறப்பு, திருமணப் பதிவுகளை எடுங்க. துறப்புப் பத்திரம் இருந்தா அதைவிட நல்லது. பிரெஞ்சு மொழியில இருக்கேன்னு பழைய காகிதத்தைப் போகிக்கு எரிச்சுடாதீங்க, ப்ளீஸ். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டு, உயில் எழுதுறதுக்கு முன்னாடியே புதுச்சேரி சொத்து வழக்கு நடத்துற வக்கீல்கிட்ட காட்டுங்க. நான் கோட் எழுதுறவன், வழக்கு நடத்துறவன் இல்ல.

என் ஃப்ரெண்டு வீட்ல இப்போ பெட்டியில தேடிக்கிட்டு இருக்காங்க. பாட்டியோட திருமணப் பதிவு கிடைச்சுடுச்சு, மேரியில பதிஞ்சது. அவங்க மாமனார் பதிவு இன்னும் கிடைக்கல. அடுத்த வாரம் சந்திப்போம்.