கேட்டவள் சொன்ன சாட்சி

2011 மார்ச் 31, காலை நேரம். ஆந்திர மாநிலம் கர்நூல் மாவட்டத்தில் ஒரு கிராமம். தாய் தெருக்குழாயடியில் இருக்கிறார். மகன்களோடு கூலி வேலை செய்கிற, வீட்டுக்கு வந்துபோகிற ஒருவன் வந்து மகன்களைப் பற்றி விசாரிக்கிறான். விறகு எடுக்கப் போயிருக்கிறார்கள் என்கிறார் தாய். சற்று நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து மகளின் அலறல் கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். கதவைத் திறந்துகொண்டு தப்பப் பார்த்தவனை அங்கேயே பிடிக்கிறார்கள்.

மகளுக்கு வயது 22. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பட்டியல் சாதிக் குடும்பத்துப் பெண்.

படிப்பு, வேலை, பயணம் என்று பார்வையற்றோர் வாழ்க்கையின் பல பக்கங்களைப் பேசலாம், பலரும் பேசுகிறார்கள். அவர்கள் மீது நடக்கும் வன்முறையைப் பற்றி மட்டும் அவர்களுக்குள்ளேயே தணிந்த குரலில்தான் பேச்சு நடக்கிறது. அதனால்தான் இந்த வாரம் இந்த வழக்கு.

கண்ணால் பார்க்காத பெண் குற்றவாளியை எப்படி அடையாளம் காட்டுவார்? குரலைக் கேட்டு. அவன் வீட்டுக்குப் புதியவன் அல்ல. அண்ணன் தம்பிகளோடு பேசிச் சிரித்த குரல், அவர் காதில் பழகிய குரல். பழகியவர்களைக் குரலால் அறிவேன் என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னார். விசாரணை நீதிமன்றம் 2013-ல் அதை ஏற்று, பாலியல் வன்முறைக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2019-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

பார்வையற்ற ஒருவரோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெண் சொன்னது அதிசயமாகப் படாது. படியேறி வரும்போதே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவார்கள். செருப்பைத் தேய்த்து நடக்கிறவர் யார், பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமுகிறவர் யார், பீடி வாசனையோடு வருகிறவர் யார் என்று எல்லாம் தெரியும். நாம் கூட்டத்தில் ஒரு முகத்தைக் கண்டுகொள்வதில் சில நேரம் தவறுவதுபோல, அவர்களும் சில நேரம் தவறலாம். ஆனால் "நான் பார்த்தேன்" என்ற சொல்லுக்குக் காவல் நிலையத்தில் கிடைக்கும் மரியாதை, "நான் கேட்டேன்" என்ற சொல்லுக்குக் கிடைப்பதில்லை. வன்முறையாளன் நம்பியிருப்பது இதைத்தான். இவள் பார்க்கவில்லை, இவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற தெம்பில்தான் அவன் கை நீள்கிறது.

2021 ஏப்ரல் 27 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அடங்கிய அமர்வு தந்த தீர்ப்பு, அந்தத் தெம்பை உடைக்க வேண்டிய தீர்ப்பு. மாற்றுத்திறனாளி என்பதால் மட்டும் ஒருவருடைய சாட்சியத்தைப் பலவீனமானதாகவோ மட்டமானதாகவோ கருதக் கூடாது என்று அது திட்டவட்டமாகச் சொன்னது. 1979-ல் காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு சிறுமியின் வழக்கில், அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் விட்டதை இதே உச்ச நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. அந்தப் போக்கு இனிச் செல்லாது என்றும் இந்தத் தீர்ப்பு சொன்னது. பெண், பட்டியல் சாதி, பார்வையின்மை ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேரும்போது ஆபத்து எப்படிப் பெருகுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியது. அதே மூச்சில், இவர்களைக் கையாலாகாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது. ஆயுள் தண்டனை உறுதியானது.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை இன்னும் அறுக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கிடைத்திருந்த தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் நடந்த காலத்துச் சட்டப்படி, சாதியின் காரணமாகவே அது நடந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்து செய்திருந்தாலே போதும் என்ற திருத்தம் 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று காரணங்களும் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கின்றன என்று விளக்கிய அதே தீர்ப்பில், ஒரு காரணம் தனியாக நிரூபிக்கப்படவில்லை என்று அந்தத் தண்டனை விழுந்துவிட்டது. சட்டத்தின் எழுத்து அப்படி இருந்தது, ஆனாலும் வலிக்கிறது.

2013-ல் குற்றவியல் சட்டங்களைத் திருத்தியபோது சில நல்ல ஏற்பாடுகள் வந்தன. பாலியல் வன்முறைக்கு ஆளான மாற்றுத்திறனாளி காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை. அவர் வீட்டிலோ, அவர் விரும்பும் இடத்திலோ புகாரைப் பதிவு செய்ய வேண்டும். அதை வீடியோ எடுக்க வேண்டும். கைதானவரை அடையாளம் காட்டும்போது நீதித்துறை நடுவர் மேற்பார்வை செய்வார். சாட்சிக்கு எந்த முறை வசதியோ அந்த முறையில் அடையாளம் காட்டலாம். அதாவது, வரிசையில் நிற்பவர்களைப் பேச வைத்து, "இந்தக் குரல்தான்" என்று சொல்ல முடியும். இது தெரிந்த காவலர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தெரிந்த பார்வையற்ற பெண்கள் எத்தனை பேர்?

வழக்காக மாறாத வன்முறைதான் அதிகம். சாலை கடக்க உதவுகிறேன் என்று தோளில் கை போட்டு, அக்குளுக்குள் விரலை நுழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முறையாக உதவத் தெரிந்தவர் தன் முழங்கையை நீட்டுவார். பார்வையற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். யார் யாரைப் பிடிக்கிறார் என்பதிலேயே பாதுகாப்பு இருக்கிறது. கையை விட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகும் பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் இன்னும் மோசம். உதவித்தொகையை வாங்கி வைத்துக்கொள்வது, கோபம் வந்தால் வெள்ளைக்கோலை ஒளித்துவைப்பது, சாப்பாடு போடாமல் விடுவது. செய்கிறவர் அண்ணனாகவோ மாமியாராகவோ இருப்பதால் புகார் வாசலைத் தாண்டுவதில்லை.

இதற்கும் சட்டம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, பராமரிப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவு மறுப்பதைக்கூடக் குற்றமாக்கி, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. 7-வது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்பதில்லை. சந்தேகம் எழுந்த யாரும், அடுத்த வீட்டுக்காரரும்கூட, நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். நம்மூரில் தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் அந்த அதிகாரம் உண்டு.  தகவல் கிடைத்ததும் அந்த நடுவர் தலையிட்டுத் தடுக்கலாம், ஆளை மீட்க உத்தரவிடலாம், பாதுகாப்பான இடமும் பராமரிப்புச் செலவும் ஏற்பாடு செய்யலாம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)