மணிக்கு 108 எண்கள்

காலையில் யோகாசன வகுப்பு நடத்தும் வாசகர் ஒருவர், ஒரு மணி நேரப் பயிற்சியை இடைவிடாமல் வீடியோவாகப் பதிவு செய்து, மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே பார்த்துப் பழகட்டும் என்ற நல்லெண்ணத்தால், எடிட்டிங் மென்பொருளின் உதவியோடு படத்தின் மூலையில் ஓடும் கடிகாரம் ஒன்றைப் பொருத்தினாராம். படத்துக்குள்ளேயே, அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் பழைய கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் கழிந்தது என்று காட்டிய கணத்தில், மூலையில் ஓடிய எண்கள் 59 நிமிஷம் 56 விநாடியைத்தான் எட்டியிருந்தனவாம். ஒரே படத்தில் இரண்டு கடிகாரங்கள் இரண்டு நேரம் காட்டினால் எதை நம்புவது என்று கேட்டு எழுதியிருக்கிறார். சுவரில் தொங்குவதைத்தான் நம்ப வேண்டும்; இதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை.

இத்தகைய மென்பொருள்களை விற்பவர்கள், தங்கள் கடிகாரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை துல்லியமானது என்று விளம்பரம் செய்கிறார்கள். அண்மையில் அந்த விளம்பரத்தோடு செயற்கை நுண்ணறிவு என்ற திருநாமத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் என்னவென்றால், திரையின் மூலையில் ஓடுவது பெரும்பாலும் கடிகாரமே அல்ல. அதற்கு ஊசலும் இல்லை, படிகமும் இல்லை. காலம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. கடந்துபோகும் படங்களை, அதாவது எடிட்டிங் அறையில் பிரேம் என்று சொல்கிறார்களே அவற்றை, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, முப்பது எண்ணியதும் ஒரு விநாடி ஆயிற்று என்று எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளைதான் அது. முப்பது படம் ஓட உண்மையிலேயே ஒரு விநாடிதான் ஆகிறதா என்று சரிபார்ப்பது அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்ததன்று.

ஆகாது என்பதுதான் வாசகரின் சங்கடத்துக்கு மூலகாரணம். விநாடிக்கு 30 என்று அவருடைய காமிரா சொன்ன படங்கள் மெய்யாகவே ஓடியது விநாடிக்கு 29.97. இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் அமெரிக்கா; அந்தச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1941-இல் அந்நாட்டார் தங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு 525 கோடுகள், விநாடிக்கு 30 படங்கள் என்று நியமம் வகுத்தார்கள். 1953-இல் அதே அலைவரிசைக்குள் வண்ணத்தையும் நுழைக்க முற்பட்டபோது, வண்ணத்தைச் சுமக்கும் அலையும், படத்துக்கு 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் ஒலியின் அலையும் ஒன்றோடொன்று மோதித் திரையில் மெல்லிய கோலம் போட்டுவிடும் அபாயம் தோன்றியது. கோலம் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்க வேண்டுமானால், அந்த 4.5 மெகாஹெர்ட்ஸ் கோடுகளின் வேகத்துக்குச் சரியான முழு மடங்காக இருத்தல் வேண்டும். ஒலியின் அலையை நகர்த்தினால் ஏற்கெனவே வீடுகளில் இருந்த பெட்டிகள் முரண்டு பிடிக்கக்கூடும் என்று அஞ்சி, பொறியாளர்கள் கோடுகளின் வேகத்தையே ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து, 4.5 மெகாஹெர்ட்ஸை 286-ஆல் வகுத்து வந்த எண்ணை ஏற்றுக்கொண்டார்கள். அதை 525-ஆல் வகுத்தால் 29.97 வருகிறது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009-இலேயே அந்தப் பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. மோதுவதற்கு இன்று ஒலியலையுமில்லை, வண்ண அலையுமில்லை. எண் மட்டும் அழியாமல் இருக்கிறது.

ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று அந்தக் காலத்தில் யாரும் கவலைப்படவில்லை. பிலிம் சுருளில் படத்தைக் கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம். காந்த நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாதாகையால், 1960-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிஷம், விநாடி, பிரேம் என்று ஒரு முகவரி எழுதும் டைம்கோடு முறை வந்தது. வந்த பிறகுதான் அந்த ஆயிரத்தில் ஒன்று பூதமாகக் கிளம்பிற்று. மணிக்கு 3.6 விநாடி! வாசகரின் 59 நிமிஷம் 56 விநாடி அங்கிருந்து வந்ததுதான். மூலையில் ஓடிய எண்களை இன்னும் உற்றுப் பார்த்திருந்தாரானால், 56-க்கு அப்பால் 12 பிரேம் என்றும் கண்டிருப்பார். விநாடிக்கு முப்பதில் 12 என்பது 0.4 விநாடி, ஆக மொத்தம் 3,596.4 விநாடி. விளம்பர நேரத்தை விநாடி விநாடியாக விற்கும் நிலையத்தாருக்கு 3.6 விநாடி என்பது சில்லறை விவகாரமன்று.

இதற்கு அவர்கள் கண்ட யுக்திதான் என்னை மயக்குகிறது. அதற்கு டிராப் பிரேம் என்று பெயர் வைத்தது பெரும் துரதிருஷ்டம். ஏனெனில் பெயரைக் கேட்டவுடன், படங்களில் சிலவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் போலும் என்று அநேகர் திகிலடைகிறார்கள். ஒரு படமும் போவதில்லை. எண் மட்டுமே போகிறது. முதல் நிமிஷத்தின் கடைசிப் படம் 59 விநாடி 29 பிரேம் என்று இருக்குமாயின், அதற்கு அடுத்த படம் 1 நிமிஷம் 0 விநாடி 0 பிரேம் என்று பெயர் பெறாமல், 0, 1 என்ற இரண்டு பெயர்களைத் தாண்டி, நேரே 2 பிரேம் என்று பெயர் பெற்றுக்கொள்கிறது.

நம் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. சந்திரனின் ஒரு சுற்றுக்குத் திதிகள் 30, ஆனால் சூரியோதயங்கள் ஏறக்குறைய 29.53-தான். ஆகவே ஒருநாள் உதயத்தில் அஷ்டமி இருந்து, உதயமான சிறிது நேரத்துக்குள் அது முடிந்து, நவமி தொடங்கி மறுநாள் விடியுமுன்பே முடிந்துபோக, மறுநாள் தசமி என்று எழுத நேரிடுகிறது. நவமி க்ஷய திதி ஆகிறது. எந்த நாளும் தொலைந்துவிடவில்லை. பால்காரர் இரண்டு நாளும் வந்தார். பெயர் ஒன்றுதான் தாண்டப்பட்டது. பகலிரவுகள் படங்கள், திதிகள் எண்கள், சந்திரன் மெய்யான கடிகாரம் என்று வைத்துக்கொண்டால் டிராப் பிரேம் முழுவதும் விளங்கிவிடும். தாண்டப்பட்ட நவமியில் தகப்பனாரின் சிராத்தம் வந்தால் எந்த நாளில் செய்வது என்று சாஸ்திரிகள் நிர்ணயித்துச் சொல்வதைப் போல, இல்லாத 0 பிரேமைத் தேடி முகவரி தட்டுகிறவரை மென்பொருளும் பக்கத்துப் படத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரே வித்தியாசம், தாண்டப்பட்ட பிரேமுக்குத் திதி கொடுப்பார் யாருமில்லை. சந்திரனின் நடை சீரற்றது என்பதால் சில திதிகள் இரண்டு உதயங்களையும் தொட்டு நிற்கும் என்பதை எடுத்துக்காட்டி, உவமானம் நொண்டுகிறது என்று சொல்வோரும் இருப்பர். ஒப்புக்கொள்கிறேன், எனினும் விடுவதற்கு மனம் வரவில்லை.

நிமிஷத்துக்கு இரண்டு எண் வீதம் மணிக்கு 120 எண் போய்விடும். தேவையோ 108-க்கு ஓர் இம்மி குறைவு. ஆகையால் 0, 10, 20, 30, 40, 50 ஆகிய நிமிஷங்களில் மட்டும் ஒன்றையும் தாண்டாமல் விடுகிறார்கள். ஆறு நிமிஷங்களுக்கு 12 மிச்சமாகி, மணிக்குச் சரியாக 108 எண்கள் லோபமாகின்றன. 108 என்று கண்டவுடன் இதிலே ஏதோ சூட்சும ரகசியம் இருக்கிறதென்று எழுதப் புறப்படுவோர் தயவுசெய்து என்னைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். அந்த இம்மி சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் முழுதும் ஓடினால் சுமார் 86 மில்லிவிநாடி எண்கள் முந்திவிடுகின்றன. நாளுக்கொருமுறை திருத்தி வைத்துக்கொள்வதே அதற்கு மருந்து.

விநாடிக்குச் சரியாக 25 படம் என்ற ஐரோப்பிய முறையைப் பின்பற்றிய நம் தூர்தர்ஷனுக்கு இந்தத் தலைவலி எதுவும் இருந்ததில்லை. வெளியூர்க் காமிராக்கள் வீட்டுக்கு வீடு வந்த பிறகே 29.97 நம்மிடம் வந்து சேர்ந்தது. அவற்றில் பல, பெட்டியின் மேல் 30 என்றே அச்சிட்டு வருகின்றன. கைப்பேசிகளோ வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பப் படங்களின் இடைவெளியையே கூட்டிக் குறைப்பதுண்டு. அங்கே எண்ணுகிற கணக்குப்பிள்ளையின் கதி அதோகதி.

ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் விளம்பரத்துக்கு வருகிறேன். விநாடிக்கு 29.97 படம் என்றால் ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே 33 மில்லிவிநாடி கழிகிறது. 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட், அவருடைய சராசரி வேகத்திலேயே, அந்த இடைவெளிக்குள் சுமார் 35 சென்டிமீட்டர் போயிருப்பார். அத்தனை தூரம் எந்தப் படத்திலும் பதியாதபோது மூன்றாம் தசம ஸ்தானத்தில் எண்கள் பரபரவென்று சுழல்வது வெறும் அலங்காரம். அதனால்தான் ஓட்டப்பந்தய முடிவுகளைத் தொலைக்காட்சிப் படத்தைக் கொண்டு நிர்ணயிப்பதில்லை. எல்லைக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய கீற்றாக, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பதியும் தனிக் காமிராவைக் கொண்டே நிர்ணயிக்கிறார்கள்.

வாசகருக்குப் பரிகாரம் எளிது: மென்பொருளில் படவேகத்தை 29.97 என்று வைத்து, டைம்கோடை டிராப் பிரேமாக மாற்றினால் போதும். விநாடிக்கும் பிரேமுக்கும் நடுவே இரட்டைப் புள்ளி போய் அரைப்புள்ளி வந்தால் மாறிற்று என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அவர் கடிதத்தின் கடைசியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வேறொரு பயிற்சியின் நடுவே மின்சாரம் நின்று, இருட்டில் கழிந்த நான்கு நிமிஷத்தை வெட்டிவிட்டு ஒட்டினாராம். வெட்டிய பிறகு கடிகாரத்தைப் பொருத்தினால் எண்கள் தடையின்றி ஓடிப் பொய் சொல்லும். வெட்டுவதற்கு முன்பே பொருத்தினால் நான்கு நிமிஷம் தாவிக் குதித்து உண்மை சொல்லும். அவர் முதல் வழியை மேற்கொண்டார். எண்கள் அழகாக ஓடின. பாட்டரியில் ஓடும் சுவர்க் கடிகாரம்தான் 6 மணி 25 நிமிஷத்திலிருந்து ஒரே தாவலில் 6 மணி 29 நிமிஷத்துக்குப் போயிற்று. அடுத்த வகுப்பிலிருந்து அதைக் கழற்றி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.