தோலைப் பதமாக்கும் கடுக்காய் மூட்டுவலியைத் தணிப்பது எப்படி?

தோல் பதனிடுவதில் குரோம் உப்பு பரவுவதற்கு முன் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளின் தொட்டிகளில் ஆவாரம்பட்டையோடு ஊறிய அதே கடுக்காய்தான், நெல்லிக்காயும் தான்றிக்காயும் சேர்ந்த திரிபலா சூரணத்தில் சித்த மருந்தாகவும் விளங்குகிறது.

கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின், தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, தோல் அழுகாமல் காக்கிறது. முழங்கால் எலும்புகளின் முனையில், செருப்பின் உள்ளடி மெத்தைபோல் அமைந்த குருத்தெலும்பிலும் கொலாஜன் மிகுதி. அப்படியானால், விழுங்கிய கடுக்காய் அதையும் இறுக்கிவிடுமா?

இறுக்காது. டானின் மூலக்கூறு பெரிது என்பதால் அதில் பெரும்பகுதி குடலிலேயே தங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் யூரோலித்தின் முதலிய சிறு பொருள்களாக உடைக்கப்பட, அவையே இரத்தத்தில் கலக்கின்றன. மூட்டில் வலியோடு வீக்கத்தைக் கிளப்பும் வேதிச் சமிக்ஞைகளை இவை தணிப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்துள்ளது.

தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் சிறியவையே. நாள் முழுதும் நின்றும் குந்தியும் உழைக்கும் தோல் தொழிலாளர்களின் முழங்காலுக்குத் தொடைத்தசைப் பயிற்சியும், உடல் பருத்தவர்களுக்கு எடைக் குறைப்பும் கடுக்காயைவிட நம்பகமான துணை. கடுக்காய் மலமிளக்கியும் ஆகையால், மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு உண்டாகும்.