கண்ணுக்குள் வந்த வெளிச்சம்

ஐரோப்பாவின் மத்திய காலத்தை 'இருண்ட காலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். விஞ்ஞானம் 17ஆம் நூற்றாண்டில் வானத்திலிருந்து திடீரெனக் குதித்தது போலச் சிலர் எழுதுவார்கள். இரண்டுமே சரியில்லை. ஒரேயொரு கேள்வியின் கதையைப் பார்த்தாலே போதும்: நாம் எப்படிப் பார்க்கிறோம்?

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்றார்கள் யூக்ளிட்டும் தொலமியும். பஸறாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டில் இதை மறுத்தார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, அப்படியானால் வெளிச்சம் வெளியிலிருந்துதானே கண்ணுக்குள் வருகிறது என்பது அவர் வாதம். அவரது 'கிதாபுல் மனாளிர்' இலத்தீனுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன் என்ற துறவியும் விட்டலோ என்ற அறிஞரும் அதை வைத்தே எழுதினார்கள். 1572இல் பாசல் நகரில் அந்த மொழிபெயர்ப்பும் விட்டலோவின் நூலும் ஒரே தொகுதியாக அச்சாகின.

1604இல் கெப்ளர் வெளியிட்ட ஒளியியல் நூலின் தலைப்பே 'விட்டலோவுக்குப் பின்னிணைப்பு' என்றுதான் தொடங்குகிறது. அதில் அவர் ஒரு படி மேலே போனார். பார்வை உணரப்படும் இடம் கண்வில்லை என்ற பழைய கருத்தைத் தள்ளி, பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்று காட்டினார்.

'எல்லாம் நம்மிடமிருந்து எடுத்ததுதானே' என்று பெருமை பேசிவிட்டு இருந்துவிடலாம். ஆனால் இப்னுல் ஹைதம் கிரேக்கரைப் படித்துவிட்டுத்தான் மறுத்தார். கெப்ளரும் முன்னோரைப் படித்துவிட்டுத்தான் திருத்தினார். இப்னுல் ஹைதமின் பெயரை மேடைகளில் சொல்லும் நாம், அவர் நூலில் எத்தனை பக்கம் புரட்டியிருக்கிறோம்?